ஸ்மியர் தடியாக இல்லை, அக்கா

அக்கா,

நாளை மறுநாள் அப்பாவின் வருஷத் திதி. சித்தப்பா மகன் எள்ளும் தண்ணீரும் இறைப்பான், நாம் இரண்டு பேரும் அடுப்படியில் நிற்போம். அந்தக் கூட்டத்தில் இதைப் பேச முடியாது. தனியாகப் பிடித்துச் சொல்லலாம் என்றால் நீ தட்டை எடுத்துச் சோறு போட ஆரம்பித்துவிடுவாய். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் இரண்டு நீல டிக்கோடு அப்படியே கிடக்கும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். ஆகவே பண விஷயம், ஆஸ்பத்திரிப் பெயர், கடைசி மாதம் யார் வந்தார்கள் யார் வரவில்லை என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். உனக்கு எல்லாம் தெரியும். அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

முதலில் செய்தி. செக்காலை ரோட்டில் லேப் வைக்க நீ பிடித்திருக்கிற இடத்துக்கு நான் வரவில்லை. நீ அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. போர்டில் இரண்டு பேர் பெயரும் எழுதச் சொல்லியிருக்கிறாய் என்பது போர்டு எழுதுகிற அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ என்னிடம் கேட்கவில்லை. எனக்கு ஹைதராபாத்தில் பிஎச்.டி. இடம் கிடைத்தது, நேற்று சம்மதம் அனுப்பிவிட்டேன். நானும் உன்னிடம் கேட்கவில்லை. இதனால் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. கொஞ்சம் நேராகத்தான் ஆகிறது.

ஐந்து வருஷ மெஸ் பில் யார் கட்டியது என்று இங்கே எழுதினால் உனக்குப் பிடிக்காது. எழுதாமல் விட்டால் நன்றி கெட்டவள் என்று பெயர் வரும். சரி, எழுதியாகிவிட்டது.

நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது வீட்டில் நடந்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? பயோமெடிக்கல் சயின்ஸ் என்றதும் அத்தை, “ஸ்கேன் மெஷின் ரிப்பேர் பண்ற படிப்பா?” என்று கேட்டார். அது பயோமெடிக்கல் இன்ஜினியரிங், இது உடம்பையும் நோயையும் பற்றிய படிப்பு என்று நான் விளக்க விளக்க அவருக்கு இன்னும் குழம்பியது. பெரியப்பா, “அழகப்பர் இவ்வளவு காலேஜ் கட்டிக்கொடுத்த ஊரை விட்டுட்டு திருச்சியில என்ன இருக்கு?” என்றார். அப்பா மட்டும் ஆத்தங்குடித் தரைக்கல் ஊற்றும் தன் பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் “சின்னவ பாதி டாக்டர்” என்று சொல்லி வைத்தார். மீதிப் பாதி எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

உன்னைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. டி.எம்.எல்.டி. என்கிற லேப் டிப்ளமா முடித்து, தினமும் அறுபது எழுபது பேருக்கு ஊசி போட்டு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள் நீ. அது உனக்கு வலித்திருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது. அப்போது எனக்கு அது ஒரு பெருமையாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் சேர்ந்தது 2020. முதல் வருஷம் முழுக்க போனில்தான் வகுப்பு. சிக்னல் வருகிறது என்று பட்டறைத் தண்ணீர்த்தொட்டிச் சுவரில் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பைத் திரையில் பார்த்துக் குறிப்பு எடுத்தேன். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவேன், ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் ஸ்மியராக இழுக்கத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுத்தது நீ. ஞாயிற்றுக்கிழமை காலையில், உங்கள் லேபில், கூட்டம் குறைந்தபின். துளியை வைத்து, இன்னொரு ஸ்லைடை முப்பது நாற்பது டிகிரி சாய்த்துத் தொட்டு, ரத்தம் விளிம்பில் ஓடிப் பரவியதும் ஒரே இழுப்பு. முனை நாக்கு மாதிரி மெலிந்து முடிய வேண்டும். “யோசிச்சு யோசிச்சு இழுக்காதடி. கோலத்துல கம்பி இழுக்கிற மாதிரி இழு.” என் கல்லூரியில் இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் எதை எழுத ஆரம்பித்தாலும் அங்கேதான் போய் நிற்கிறது.

2023 பொங்கல் விடுமுறை. அப்பா பஸ் ஏறி காரைக்குடிக்கு வந்திருந்தார். முதுகுவலி ஆறு மாதமாக. நாள் முழுக்கக் குத்துக்கால் போட்டுக் கல் ஊற்றுகிறவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நாமெல்லாம் சொன்னோம், அவரும் சொன்னார். ஆள் வெளுத்திருந்தார். மாடிப்படி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கியது. நீ ரத்தம் எடுத்தாய். சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகின்றன என்று பார்க்கும் இ.எஸ்.ஆர். குழாயை நிறுத்தி வைத்தோம். ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஸ்மியரை நான் போடட்டுமா என்று கேட்டேன், நீ சரி என்றாய்.

நான் இழுப்பதை அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். “நீங்களும் கண்ணாடியிலதான் ஊத்துறீங்களா?” என்றார். அவருக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடி, அதன்மேல் சட்டம், அச்சுக்குள் வண்ணச் சிமெண்டு, அதற்குமேல் மணலும் சிமெண்டும் என்று அவர் வேலையையும் நம் வேலையையும் ஒப்பிட்டு நர்ஸ் பிள்ளையிடம் விளக்க ஆரம்பித்துவிட்டார். “கல்லுக்கு முகம் அடியில கண்ணாடியைப் பாத்துக் கெடக்கும்மா. ஊத்துறவன் முதுகுப் பக்கத்தைத்தான் பாத்துக்கிட்டு இருப்பான். பிரிச்சாத்தான் பூவு சரியா விழுந்துச்சான்னு தெரியும்.” பாலிஷே போடாமல் ஆத்தங்குடிக் கல் எப்படிப் பளபளக்கிறது என்று அந்தப் பிள்ளை கேட்டதற்குத்தான் இவ்வளவு பேச்சு. நீ சிரித்தாய். அப்பா பேசப் பேச நீ வாய்விட்டுச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

லீஷ்மன் ஸ்டெயின் என்கிற சாயம் விட்டு இரண்டு நிமிஷம், பஃபர் கலந்து பத்து நிமிஷம். கழுவிக் காயவைத்தபோதே ஸ்லைடு வழக்கத்தைவிட நீலமாக இருந்தது. எண்ணெய் விட்டு 100-இல் வைத்துப் பார்த்தேன். சிவப்பணுக்கள் தனித்தனியாக இல்லை. காசை அடுக்கிச் சாய்த்து வைத்த மாதிரி வரிசை வரிசையாக ஒட்டிக் கிடந்தன. ரூலோ. பிரெஞ்சுக்காரர்கள் காசு அடுக்குக்கு வைத்திருக்கும் பெயர். ரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் அளவுக்கு மீறி இருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று தள்ளாமல் இப்படி ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டதால் கனத்து வேகமாகக் குழாயின் அடிக்கு இறங்கும், அதனால்தான் இ.எஸ்.ஆர். ஏறும் என்று முந்தின செமஸ்டரில்தான் படித்திருந்தேன்.

“அக்கா, இது ரூலோவா?”

நீ வந்து குனிந்து பார்த்தது மூன்று விநாடி இருக்கும். வெளியே இரண்டு பேர் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “தடியாப் போட்டுட்டடி. தடியான எடத்துல யாருக்கும் அப்படித்தான் இருக்கும். வால் பக்கம் போய்ப் பாரு.” நீ சொன்னது சரி. எந்தப் புத்தகத்திலும் அதைத்தான் எழுதியிருக்கும். நீ போய்விட்டாய்.

நான் வால் பக்கம் போனேன். அங்கேயும் அடுக்குதான்.

அப்போது அப்பா, “என்னம்மா பாதி டாக்டர், என்ன தெரியுது?” என்றார். “ஒண்ணுமில்லப்பா. ரத்தம் கம்மி. முருங்கைக்கீரை சாப்பிடுங்க.”

அதைச் சொன்னது நான். நீ இல்லை.

இ.எஸ்.ஆர். ஏறி 112 வந்தது. ஹீமோகுளோபின் இறங்கி 8.9. ரிப்போர்ட் எண்களோடு போனது, ஸ்மியரைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் இருவர் கையெழுத்துக்கும் அதில் இடமில்லை. நோய்க்குறியியலில் முதுகலை முடித்துப் பதிவு பெற்ற டாக்டர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நீ எத்தனை முறை திட்டியிருப்பாய். அன்றைக்கு மட்டும் அது நம் இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். அவரைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

ஆகஸ்டில் பட்டறையில் சட்டத்தைத் தூக்கியவர் அப்படியே உட்கார்ந்தது, மதுரை, முதுகெலும்பு நொறுங்கியிருந்தது, ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரசிஸில் அந்த ஒற்றைப் பட்டை, சிறுநீரகம் கெட்டதைச் சொன்ன கிரியாட்டினின். இதெல்லாம் உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஊசிக்கும் கூடப் போனவள் நீ. நான் இன்டர்னல் எழுதிக்கொண்டிருந்தேன். மைலோமா என்கிற அந்த ரத்தப் புற்றுநோயைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், அதுதான் நான் செய்த பணிவிடை. 1840-களில் லண்டனில் ஒரு வியாபாரி. நெஞ்சிலும் முதுகிலும் வலி. அவருடைய சிறுநீரைச் சூடாக்கினால் கலங்கும், கொதிக்கவிட்டால் தெளியும், ஆறினால் மறுபடி கலங்கும். அதைச் சோதித்த பென்ஸ் ஜோன்ஸ் என்கிற டாக்டரின் பெயர்தான் அதில் இருந்த புரதத்துக்கு இன்றும். அந்த வியாபாரிக்கும் இரும்புச்சத்து மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1846 புத்தாண்டு அன்று இறந்துபோனார். இதைப் படித்த இரவு உனக்குப் போன் செய்தேன். நீ மதுரையில் அப்பாவின் தலையணை உறையை அலசிக்கொண்டிருந்தாய். “என்னடி, சொல்லு” என்றாய். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

பதினாறாம் நாள் பந்தியில் நீ சொன்னாய்: “ஸ்லைடைப் பாத்தது அவதான். படிச்சவளுக்கே தெரியல.” யார் யார் இலையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன். அழுது வீங்கிய முகத்தோடு சொன்னாய், அதனால் உன்னை ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இந்த ஒரு வருஷத்தை ஓட்டினேன். பதிலைத் தயாராக வைத்திருந்தேன். கேட்டேனே, நீதானே தடி என்றாய், அனுபவம் உனக்கு, நான் மூன்றாம் வருஷ மாணவி. பஸ்ஸில், குளிக்கும்போது, பரீட்சை ஹாலில்கூட இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நல்ல பதில். ஒரே ஒரு குறைதான் அதில்.

அந்த ஸ்லைடை நான் திருச்சிக்கு எடுத்துப் போனேன்.

உனக்குத் தெரியாது. நீ குப்பை டப்பாவில் போட்டிருப்பாய் என்று நினைத்தாய். டிஷ்யூவில் சுற்றி என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். ஹெமட்டாலஜி ரெக்கார்டுக்கு வழக்கத்துக்கு மாறான ஸ்மியர் ஒன்று வரைய வேண்டியிருந்தது. மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்து வரைந்தார்கள். நான் மைக்ராஸ்கோப்பைப் பார்த்து, சிவப்பும் ஊதாவுமாகக் கலர் பென்சிலில், ஒவ்வொரு அடுக்காக வரைந்து, கீழே ‘ரூலோ’ என்று எழுதினேன். தேதி 23.01.2023. அப்பா மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். பத்துக்கு ஒன்பது. இது யாருடைய ரத்தம் என்று யாரும் கேட்கவில்லை.

தடியான ஸ்மியர் என்று நம்பியிருந்தால் அதை வரைந்திருப்பேனா? ஏதோ இருக்கிறது என்று என் கைக்குத் தெரிந்திருக்கிறது. உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஒரு எலக்ட்ரோபோரசிஸ் அனுப்பு என்று ஒரு வரி. போட்டால், அக்காவுக்கே சொல்லிக் கொடுக்கிறாளா என்று நீ நினைப்பாய் என்று பயந்தேன். ஊரில் பாதி டாக்டர் என்று சொன்னார்களே, தப்பாகப் போனால் சிரிப்பார்களே என்றும் இருந்தது. இவை காரணங்கள் இல்லை என்று எனக்கே தெரிகிறது, இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நடந்தது அதுதான்.

முன்பே கண்டிருந்தாலும் குணமாகியிருக்காது. அதை நம் சொந்தக்காரர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன். அது அடக்கி வைக்கிற நோய், தீர்க்கிற நோய் இல்லை. ஆனால் அந்த எலும்பு நொறுங்காமல் இருந்திருக்கலாம். சிறுநீரகம் பிழைத்திருக்கலாம். ஏழு மாதம் என்பது ஏழு மாதம்தான்.

அப்பா போய் மூன்றாவது வாரம் வகுப்புக்குத் திரும்பினேன். அன்றைக்குப் பாடம் ஹைப்ரிடோமா. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் செய்தது, 1984-ல் நோபல் வாங்கித் தந்தது. கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியைச் சுரக்கும் செல்லைத் தட்டில் வைத்தால் சில நாளில் செத்துவிடும். அதை எலியின் மைலோமா செல்லோடு ஒட்டவைத்தால் சாகாது, ஒரே வகை ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருக்கும். மைலோமாவின் அந்தச் சாகாத குணத்தை மேடம் புகழ்ந்து சொல்லிக்கொண்டே போனார். நான் நோட்ஸ் எடுத்தேன். அக்கா, நீ தினமும் பிரிக்கிற டெங்கு கார்டு, கர்ப்பம் பார்க்கிற கார்டு எல்லாவற்றுக்கும் மூலம் அந்த ஒட்டுவேலைதான். அதை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதைச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை, உன்னிடமோ பேச்சு இல்லை.

ஹைதராபாத்தில் நான் செய்யப்போவது மைலோமா இல்லை. சிறுநீர்க் குழாயில் படியும் பாக்டீரியாப் படலம். அப்பாவுக்காக ஆராய்ச்சி செய்யப் போகிறாள் என்று யாரிடமும் சொல்லிவிடாதே. எனக்குப் பிடித்திருக்கிறது, போகிறேன். செக்காலை ரோட்டில் உன் பெயரை மட்டும் பெரிதாக எழுதச் சொல். உன் கைக்குப் பக்கத்தில் என் பெயர் நின்றால் எனக்குத்தான் கூச்சம்.

லேப் சாவி உன்னிடம்தானே இருக்கும். திதி முடிந்து, யாருக்கும் சோறு போடுவதற்கு முன்னால், ஒரு அரை மணி நேரம் என்னோடு வா. ரெக்கார்டும் ஸ்லைடும் என் பையில் இருக்கும். எண்ணெய் விட்டு, வால் பக்கம் பார், இந்த முறை அவசரப்படாமல். தடியாக இருந்தால் சொல். இல்லையென்றாலும் சொல்.