பேட்டரியின் மேல் பழி போடுமுன்

ஆசிரியருக்கு வணக்கம்.

மடிக்கணினியில் சார்ஜ் ஏறவில்லை என்றதும் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்கு ஓடிப் புது பேட்டரி வாங்குகிறார்கள். 60 அல்லது 80 விழுக்காட்டில் நின்றால், அது பெரும்பாலும் பழுதல்ல. மென்பொருளில் உள்ள பேட்டரி பாதுகாப்பு அமைப்பு. டெல் கணினிகளில் அடாப்டரின் நடு ஊசி உடைந்தால் கணினி ஓடும், சார்ஜ் ஏறாது.

பேட்டரி மாற்றியும் பயனில்லை என்றால் போர்டை, அதாவது கணினியின் உள்ளே இருக்கும் மதர்போர்டைப் பார்க்க வேண்டும். அடாப்டரைச் செருகும் டிசி ஜாக்கில் 19 வோல்ட் வருகிறதா? வந்தால், அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு சார்ஜைக் கட்டுப்படுத்தும் சில்லான சார்ஜிங் ஐசி அருகேயுள்ள கரண்ட் சென்ஸ் ரெசிஸ்டரை (மின்னோட்டத்தை அளக்க உதவும் மின்தடை) அளக்கவும். பெரும்பாலும் 0.01 ஓம்தான், மல்டிமீட்டர் கிட்டத்தட்ட ஷார்ட் (தடையே இல்லாத நேர் இணைப்பு) என்றே காட்டும். அதன் இரு முனைகளிலிருந்தும் ஐசிக்குப் போகும் பொடி ரெசிஸ்டர்களைப் பலர் தொடுவதே இல்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் அவற்றில் ஒன்று பச்சை பூத்து அறுந்தாலும் போதும், ஐசி மின்னோட்டத்தைத் தப்பாக அளந்து சார்ஜை நிறுத்திவிடும். 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு பிரஷால் தேய்த்து, காயவிட்டு மறுபடி அளக்கவும்.

பேட்டரியும் போர்டும் தகவல் பரிமாறும் டேட்டா, கிளாக் கம்பிகளில், பேட்டரி சாக்கெட்டில் அளந்தால், வழக்கமாக 3.3 வோல்ட் இருக்கும். ஒன்று செத்தாலும் பேட்டரி இருப்பதே போர்டுக்குத் தெரியாது. இவ்வளவும் பார்க்காமல் எடுத்த எடுப்பில் ஐசியைச் சூடேற்றிப் பெயர்ப்பது வீண் வேலை. ஐசியைப் பற்றவைத்திருக்கும் செம்புத் திட்டான பேட் கழன்றால் போர்டே போச்சு.

மடிக்கணினி பழுதுபார்ப்பவர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்