உடைக்காமல் எங்களிடம் கொடுங்கள்: மேடைப் பொருட்களுக்கு ஒரு கொட்டகை கேட்டு மனு

பெறுநர்: இயக்குநர், கலை பண்பாட்டுத் துறை
அனுப்புநர்: மேடை அமைப்பு வேலை செய்யும் நாங்கள் சிலர்
பொருள்: அரங்குகளும் கண்காட்சிகளும் கழித்துப் போடும் பொருட்களைக் கலைஞர்களுக்குத் தருவது தொடர்பாக

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்.

நிதி கேட்கும் மனு என்று ஓரமாக வைத்துவிடாதீர்கள். தூக்கிப் போடுவதைத்தான் கேட்கிறோம்.

ஒரு கண்காட்சி முடிந்த மறுநாள் காலை அந்த அரங்கின் பின்வாசலுக்குப் போயிருந்தேன். எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகைகள், வெள்ளையடித்தவை, நாலே நாள் படம் மாட்டியவை, ஒவ்வொன்றிலும் நாலைந்து ஆணி ஓட்டைகளைத் தவிர ஒரு குறையும் இல்லை. லாரியில் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று கடப்பாரையால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதே வாரம்தான் எங்கள் குழு நாடகத்துக்குச் சுவர் செய்ய அதே அளவில் புதுப் பலகை வாங்கியிருந்தது. கேட்டுப் பார்த்தேன். "கணக்கில் கழித்தாயிற்று, வெளியே கொடுக்க உத்தரவு இல்லை" என்றார் பொறுப்பாளர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. உடைத்துப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், முழுசாகக் கொடுத்தால்தான் தணிக்கையில் கேள்வி வரும்.

நியூயார்க் நகரத்தின் பண்பாட்டுத் துறை 1978 முதல் 'மெட்டீரியல்ஸ் ஃபார் தி ஆர்ட்ஸ்' என்ற கிடங்கை நடத்துகிறது. நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டாத துணி, பெயின்ட், காகிதம், மேஜை நாற்காலி எல்லாம் கொடுக்கின்றன. கலைக் குழுக்களும் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் இலவசமாக எடுத்துப் போகிறார்கள். நகரத் துப்புரவுத் துறையும் இதற்குக் கைகொடுக்கிறது, குப்பை குறைந்தால் அவர்களுக்கும் லாபம்தானே.

அவ்வளவு தூரம் எதற்கு, சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் உடைந்த வளையலையும் பீங்கானையும் பொறுக்கி, அரசு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் பல வருடம் சிலை செய்துகொண்டிருந்தார். கண்டுபிடித்ததும் சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்கலாம். இடிக்கவில்லை; 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள், அந்த வேலைக்கே அவருக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். அதிகாரிகள் மனசு வைத்தால் நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்களுக்கு வேண்டியது முதலில் ஒரு உத்தரவு. துறையின் அரங்குகளில் ஒரு பொருளைக் கழிக்கும்போது, காயலான் கடைக்கு எடை போடுவதற்கு முன் பதினைந்து நாள் கலைக் குழுக்கள் வந்து பார்த்து, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போக அனுமதி வேண்டும். அப்புறம், மழை ஒழுகாத ஒரு கொட்டகை. பூட்டிக் கிடக்கும் ஏதாவது ஒரு கிடங்கே போதும்.

எல்லாமே உதவும் என்று சொல்ல வரவில்லை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அந்த மரத்தைச் சுரண்டிப் பிள்ளைகள் நாடகத்துக்குக் கொடுக்கக் கூடாது. தீப்பிடிக்காமலிருக்க மருந்து ஏற்றிய திரைச்சீலைகளில் பல, தண்ணீரில் துவைத்தால் அந்தக் குணத்தை இழந்துவிடும். மறுபடி மருந்து ஏற்றாமல் மேடையில் தொங்கவிடுவது ஆபத்து. ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டித் தரைவிரிப்போ பையோ செய்யலாம், எரித்தால் நச்சுப் புகை. இதையெல்லாம் பார்த்துப் பிரிக்க விவரம் தெரிந்த ஒரு ஆளையும் நியமியுங்கள்.

வண்டிச் செலவு எங்களுடையது. ஆணி பிடுங்கும் வேலையையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேடை அமைப்பாளர்கள்