எடையை முதலில் சொல்லுங்கள்: தோண்டும் இயந்திர விற்பனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுத் தோட்டத்துக்கான சிறு தோண்டும் இயந்திரங்களை விற்கும் கடைக்காரர்களுக்கும், அவற்றை இறக்குமதி செய்வோருக்கும் வணக்கம்.

பந்தல் கால் ஊன்றவும், வேலிக்கம்பம் நடவும், பப்பாளிக்குக் குழி எடுக்கவும் கூலிக்கு ஆள் கிடைக்காத நிலையில்தான் பலர் உங்கள் கடைப் படி ஏறுகிறார்கள். அவர்களில் ஓய்வு பெற்றவர்களும், தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பெண்களும் உண்டு. பெட்ரோலில் ஓடும் ஆகரை (சுருள் வடிவத் துளைக்கருவியைச் சுழற்றிக் குழி போடும் இயந்திரம்) காட்டி, அவர்களிடம் நீங்கள் எடுத்த எடுப்பில் சொல்வது 52 சிசி, 63 சிசி, 68 சிசி என்ற எஞ்சின் கணக்கைத்தான். எந்த மண், எத்தனை குழி, யார் பிடிக்கப்போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பெட்டியில் அச்சாகும் எடை பெரும்பாலும் பிட் (அந்தச் சுருள் துளைக்கருவி) மாட்டாத, பெட்ரோல் ஊற்றாத இயந்திரத்தின் எடை. 1.2 லிட்டர் டேங்க் நிரம்பினால் ஏறத்தாழ 900 கிராம் கூடும்; 8 அங்குல பிட் மாட்டினால் மேலும் சில கிலோ கூடும். மழைக்கு மறுநாள் கரிசல் மண்ணில் குழி போட்டால், சுருள் முழுவதும் மண் அப்பிக்கொண்டு உதிராமல் நிற்கும். அந்தப் பிட்டைக் குனிந்தபடி வெளியே இழுக்கும்போது மொத்தப் பாரமும் இடுப்பில்தான் இறங்குகிறது. பிட் வாங்குபவரிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஒரே ஆழத்துக்கு, 6 அங்குலக் குழியைவிட 12 அங்குலக் குழியில் நான்கு மடங்கு மண் வெளியேற வேண்டும்.

எடையைவிட அஞ்ச வேண்டியது முறுக்கு. வீட்டு மனை வயல் அல்ல. ஒரு முழம் ஆழத்திலேயே செங்கல் துண்டும் காரைக் கட்டியும் கம்பி முனையும் கிடக்கும். என் அத்தை வீட்டுக் கொல்லையில் பிட் வேப்ப வேரில் சிக்கிய நொடியில் கைப்பிடி திரும்பி அவருடைய மணிக்கட்டைப் பிசகச் செய்துவிட்டது. பிட் சிக்கியதும் சுழற்சியை நிறுத்தும் பிரேக் கொண்ட இயந்திரங்கள் சந்தையில் இருக்கின்றன என்பதை விற்றவர் அவரிடம் சொல்லவே இல்லை.

இறுகிய செம்மண்ணும் சரளையும் உள்ள இடத்தில், அகல உளி மாட்டிய மின்சார பிரேக்கர் (உளியால் அடித்து உடைக்கும் இயந்திரம்) பல வேளைகளில் ஆகரைவிடப் பொருத்தமானது. அது மண்ணைப் பெயர்த்துக் கொடுக்கும், அள்ளுவதற்கு மண்வெட்டி போதும். வேலைக்கு முந்தைய மாலையே மண்ணில் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் 5 கிலோ இயந்திரமே போதுமானதாக இருக்கும். ஆனால் 1500 வாட் இயந்திரத்தை 16 ஆம்பியர் பிளக்கிலும் தடித்த எக்ஸ்டென்ஷன் வயரிலும்தான் ஓட்ட வேண்டும். ஈர மண்ணில் நின்று வேலை செய்பவருக்கு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் தேவை. விற்கும்போதே இதைச் சொல்லுங்கள்.

பேட்டரிக் கருவிகளில் நடப்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது. ஐந்து லித்தியம் செல்களை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட், முழுச் சார்ஜில் சுமார் 21 வோல்ட், அவ்வளவுதான். அதன்மேல் 48 என்றும் 88 என்றும் அச்சிட்டு விற்பது ஏமாற்று. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கி வாட்-மணியாகக் குறிப்பிடுங்கள்: 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 72 வாட்-மணி. நாற்று நடவும் பாத்தியைக் கிளறவும் அது போதும். கல் நிறைந்த தரைக்கு ஆகாது.

அதிர்வையும் மறைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேரக் கணக்கில் கைக்கு ஏறும் அதிர்வு 2.5 மீட்டர்/வினாடி² அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5 என்பது உச்ச வரம்பு. இயந்திரத்தின் அதிர்வு எண்ணைத் தமிழில் அச்சிட்டால், தொடர்ந்து எவ்வளவு நேரம் பிடிக்கலாம் என்பதை வாங்குபவர் உங்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்வார்.

ஆகவே, பிட்டும் பெட்ரோலும் சேர்ந்த எடையை விலைச்சீட்டிலேயே எழுதுங்கள். பிட் மாட்டிய இயந்திரம் ஒன்றைக் கடையில் வைத்து, வாங்குபவர் அதைத் தூக்கிப் பார்த்த பிறகே பில் போடுங்கள். 25:1 பெட்ரோல்-ஆயில் கலவை கேட்கும் எஞ்சினுக்கு, லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) என்று டேங்க் மூடியிலேயே ஒட்டுங்கள். தென்னங்கன்றுக்கு மூன்றடி நீள அகல ஆழத்தில் ஒரே ஒரு குழி வேண்டுமென்று வருபவருக்கு ஆகரை விற்காமல், பிரேக்கரை ஒரு நாள் வாடகைக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்டக்காரர் ஒருவர்