செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போகும், வழக்கம்போல.

செயற்குழு உரிய காலத்தில் கூடியது. பொங்கல் சந்திப்பும் பழைய நாணயக் கண்காட்சியும் நடந்தன.

சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து, நீங்கள் கைதட்டி ஏற்றுக்கொண்ட ஆட்டப்பெட்டிப் பதிவேடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் முதல் துரைமார்கள் செஸ் போன்ற ஆட்டங்கள் ஆடுவதற்காக நம் நாட்டுக் கைவினைஞர்கள் செய்த பெட்டிகள் நம் உறுப்பினர் வீடுகளில் எத்தனை, என்ன நிலையில் இருக்கின்றன என்று எழுதிவைப்பதே நோக்கம். அளவு, மரம், பூட்டு, கீல் எல்லாவற்றுக்கும் படிவம் அச்சிட்டு எல்லோருக்கும் அனுப்பினேன். நிரப்பித் திருப்பியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அதற்குள்ளேயே எத்தனை வகை! விசாகப்பட்டினத்துப் பெட்டி ஒன்று: சந்தன மரத்தின் மேல் தந்தத் தகடு, அதில் பூங்கொடிகளைக் கீறிக் கறுப்பு அரக்கு நிரப்பியிருக்கிறார்கள். விரித்துக் கவிழ்த்தால் செஸ் கட்டம், நிமிர்த்தினால் பேக்கேமன் என்ற பகடை ஆட்டத்தின் பலகை. நம் சொக்கட்டானுக்கு அதில் இடமில்லை, வாங்கியவர்கள் துரைகள்தானே. இன்னொன்று பம்பாய் சடேலி வேலை. தந்தம், கருங்காலி, கொம்பு, வெள்ளீயம் இவற்றின் மெல்லிய குச்சிகளைக் கட்டாக ஒட்டி, குறுக்கே அறுத்து, அந்த வில்லைகளைப் பெட்டியின் மேல் பதிப்பார்கள். பாரசீகத்திலிருந்து சூரத் வழியாக வந்த கலை என்பார்கள். முள்ளம்பன்றி முள் பதித்த பெட்டியும் ஒன்று வந்தது. அதை இரவல் தந்த அம்மையாருக்குத் தனி நன்றி.

ஓர் உறுப்பினர் தம் பெட்டியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, கோடுகள் அழிந்தன என்று சங்கத்தைக் குறை சொல்கிறார். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், துடைக்காதீர்கள் என்று ஆடி மாதச் சுற்றறிக்கையிலேயே எழுதியிருந்தேன். பிரித்துப் படிப்பவர்களுக்குத்தான் சுற்றறிக்கை.

படிவம் தர சிலர் தயங்குவது சட்டத்துக்குப் பயந்து. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்தப் பொருளுக்கு உரிமைச் சான்றிதழ் வேண்டும். 1986, 1991 திருத்தங்களுக்குப் பிறகு தந்த வியாபாரத்துக்கே இடமில்லை. சான்றிதழ் இல்லாதவர்கள் பெட்டியை ஒளித்துவைப்பதைவிட வக்கீலைப் பார்ப்பது நல்லது. என்னிடம் பேசிய பலர் கேட்டது ஒன்றே ஒன்று: என்ன விலை போகும்? அதற்கு நான் பதில் சொல்வதற்கில்லை.

வரவு செலவு திருப்தியாகவே உள்ளது. விவரம் பொருளாளரிடம் கேட்டால் கிடைக்கும். படிவம் அச்சிட்ட செலவு சிலருக்கு உறுத்துவதாகக் கேள்வி. சந்தா பாக்கி வந்திருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. மூன்றாண்டு பாக்கி வைத்திருப்பவர்கள்தான் சிற்றுண்டியில் சட்னி குறைவு என்று கடிதம் எழுதுகிறார்கள்.

மண்டபம் தந்தவருக்கும் தணிக்கை செய்த அன்பருக்கும் செயற்குழுவுக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு இளையவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதே என் விருப்பம். பதிவேடும் அலமாரிச் சாவியும் தயாராக இருக்கின்றன. பதிவேடு பாதியில் நிற்கிறது, என் கையெழுத்து மற்றவர்களுக்குப் புரியாது என்று சிலர் சொல்கிறார்கள். பொதுக்குழு வற்புறுத்தினால் யோசிக்கிறேன். ஆனால் நிரப்பிய படிவமும் சந்தாவும் சித்திரைக்குள் வந்து சேர வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்