விசையின் எடை 500 கிராம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், துப்பாக்கி சுடுதலில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்காக வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதிகம் அறிமுகமில்லாத ஒரு விளையாட்டை எளிய தமிழில் எழுதியதற்கு நன்றி. ஆயினும், கைத்துப்பாக்கியின் விசை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதி, 500 கிராம் இழுப்பில் விடுபட வேண்டும் என்றும், அது எவ்வளவு இலகுவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றும் அதில் கூறியிருப்பது பிழை. அதை நம்பி ஒரு மாணவர் போட்டிக்குப் போனால் ஒரு குண்டுகூடச் சுடாமல் திரும்ப நேரிடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி, 500 கிராம் என்பது 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிக்கு உரிய, விசை விடுபடாமல் தாங்க வேண்டிய குறைந்தபட்ச எடை. பாயிண்ட் டூ டூ (0.22 அங்குல) தோட்டாவைச் சுடும் 25 மீட்டர் கைத்துப்பாக்கிக்கு அது 1000 கிராம், அதாவது சரியாக இரு மடங்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது 500 கிராம் விசையில்; அதே களத்தில் 25 மீட்டர் பிரிவில் நான்காம் இடம் பெற்றது 1000 கிராம் விசையில். 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்ற 25 மீட்டர் அதிவேகப் பிரிவுக்கும் இதே 1000 கிராம்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும், தோளில் அணைத்துப் பிடிக்கும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கோ விசை எடையில் கீழ்வரம்பே கிடையாது. எல்லாவற்றையும் துப்பாக்கி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் வரும் குழப்பம் இது.

எடையைச் சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். குழல் செங்குத்தாக மேல்நோக்கி இருக்க, விசையின் நடுப்பகுதியில் எடைக்கல்லின் கொக்கியை மாட்டி, தரையிலோ மேசையிலோ இருக்கும் அந்தக் கல்லை மெல்லத் தூக்க வேண்டும். கல் முழுவதுமாக மேலெழும்பிய பின்னும், துப்பாக்கியைச் சுடவைக்கும் உள் சுத்தி விழாமல் இருந்தால் தேர்ச்சி. ஸ்பிரிங் தராசு இதற்கு ஏற்கப்படுவதில்லை. கொக்கியை மாட்டும் இடம் முக்கியம். விசையின் கீழ்நுனியில் மாட்டினால் நெம்புகோல் நீண்டு குறைந்த எடையிலேயே சுத்தி விழுந்துவிடும், மேலே அச்சுக்கு அருகில் மாட்டினால் கூடுதல் எடையையும் தாங்கும். இரு கட்டமாக இழுபடும் விசையில், இரண்டும் சேர்ந்த மொத்தமே கணக்கில் கொள்ளப்படும்.

இந்த அருமை எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. என் மகள் முதன்முதலாக வெளியூரில் நடந்த 25 மீட்டர் போட்டிக்குச் சென்றபோது, தொழிற்பயிற்சி ஆசிரியராக முப்பது ஆண்டுகள் இருந்த பெருமிதத்தில் விசையை நானே சரிசெய்து கொடுத்தேன். ஒரு மளிகைக் கடையிலிருந்து வாங்கிவந்த பழைய ஒரு கிலோ இரும்புக் கல்லில் கம்பியைக் கட்டித் தூக்கிப் பார்த்ததில் விசை நன்றாகவே தாங்கியது. போட்டியன்று கருவிப் பரிசோதனை மேசையில் மூன்று முறை தூக்கியும் மூன்று முறையும் சுத்தி விழுந்தது. ஊருக்கு வந்து அந்தக் கல்லை நகைக்கடைத் தராசில் வைத்தபோதுதான், அடிக்குழியில் அடைத்திருந்த ஈயம் எப்போதோ உதிர்ந்துபோய், கம்பியோடு சேர்ந்தும் அது 986 கிராமே இருந்தது தெரிந்தது. அன்று அவசரத்தில் திருகாணியை அரைச் சுற்று இறுக்கி மறுபடியும் காட்டித் தேறினோம். ஆனால் கைக்குப் பழகாத அந்த இறுக்கத்தோடு சுட்ட பெண் முதல் சுற்றிலேயே தடுமாறிவிட்டாள். குற்றம் அவளுடையதும் அன்று, பரிசோதகருடையதும் அன்று.

அதன் பிறகு 1000 கிராமுக்குச் சரியாக வைப்பதை விட்டுவிட்டு, 1030 கிராமைத் தாங்கும்படி வைத்துக்கொள்கிறோம். ஸ்பிரிங் நாளடைவில் சற்றுத் தளரும் என்பதற்கும், சுட்டு முடித்தபின் எதிர்பாராமல் நடக்கும் மறுசோதனையில் எடை குறைந்தால் தகுதி நீக்கமே செய்துவிடுவார்கள் என்பதற்கும் அந்த 30 கிராம் காப்பு. கடற்காற்று வீசும் நம்மூரில் இன்னொரு சங்கடமும் உண்டு. துருவுக்கு அஞ்சி எண்ணெயைத் தாராளமாக விட்டால் அது தூசியையும் வெடிமருந்துக் கரியையும் சேர்த்துக்கொண்டு பிசுபிசுத்து, காலையில் ஓர் இழுப்பும் மாலையில் ஓர் இழுப்புமாக விசையை மாற்றிவிடும். ஊசிமுனையில் ஒரு துளி போதும்.

இனி, இலகுவாக இருப்பதே நல்லது என்ற கருத்துக்கு வருகிறேன். 25 மீட்டர் கைத்துப்பாக்கியில் இலக்கைப் பார்க்க உதவும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே அதிகபட்சமாக 220 மில்லிமீட்டர் இருக்கலாம். விசையை இழுக்கும் விரல் முன் குறியை 0.2 மில்லிமீட்டர் அசைத்துவிட்டால், 25 மீட்டர் தொலைவில் குண்டு ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் விலகிப் போகும். துல்லியச் சுற்றின் இலக்கில் பத்து வட்டத்தின் ஆரமே 25 மில்லிமீட்டர்தான். ஆகவே, சுத்தி விடுபடும் அந்தக் கணத்தில் துப்பாக்கி அசையாமல் இருப்பதுதான் வேண்டுவது. அதற்கு விசை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில், நொறுநொறுப்பில்லாமல் விடுபட வேண்டும். 1000 கிராமில் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் விடுபடும் விசை, 700 கிராமில் இழுத்து இழுத்து நகரும் விசையைவிட மேலானது. மொத்தத்தில் 700 கிராமுக்கு மேல் முதல் கட்டத்திலேயே ஏற்றிவிட்டு, எஞ்சிய 300 சொச்சத்தை மட்டும் இரண்டாம் கட்டத்துக்கு விட்டுவைப்பது பலருடைய வழக்கம். எடை குறையாமலேயே விரலுக்கு இலகுவாகத் தோன்றச் செய்யும் வழி அது. சுத்தி விடுபட்ட பின் விசை வெறுமனே பின்னால் ஓடும் தூரத்தையும் குறைக்க வேண்டும், ஆனால் முற்றிலும் அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் சுத்தி விழும்போது, அதைப் பிடித்து நிறுத்தும் சிறு எஃகுக் கொக்கியில் உரசும்.

கட்டுரை சொல்லாமல் விட்டதும், நான் மிகவும் அஞ்சுவதும் ஒன்றுண்டு. இலகுவாக்க வேண்டும் என்ற ஆசையில் சிலர் சுத்தியின் ஸ்பிரிங்கை வெட்டுகிறார்கள். பாயிண்ட் டூ டூ தோட்டாவில் தீமூட்டும் மருந்து அடிப்பாகத்தின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. சுத்தி அடித்து முன்தள்ளும் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் தோட்டா வெடிக்கும். ஸ்பிரிங்கை மெலிவித்தால் அடி மெலிந்து, வெறும் தழும்போடு தோட்டா வெடிக்காமல் நிற்கும். வேகச் சுற்றில், ஒரு குண்டுக்கு மூன்றே விநாடி கிடைக்கும் இடத்தில், அப்படி நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வேறு சிலர், சியர் என்று தொழிலில் சொல்லப்படும் அந்தச் சிறு எஃகுக் கொக்கியை அரத்தால் தேய்க்கிறார்கள். பல துப்பாக்கிகளில் அதன் மேற்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டிருக்கும். தோல் போனபின் உள்ளிருக்கும் மென்மையான உலோகம் விரைவில் தேய்ந்து, பிடிமானம் மயிரிழையாகி, ஒருமுறை இழுத்தால் இரண்டு குண்டு பாயும், அல்லது மேற்பகுதி மூடும் அதிர்விலேயே சுட்டுவிடும். உற்பத்தியாளர் கையேட்டில் காட்டியுள்ள திருகாணிகளை, தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, கால் சுற்றுக்கு மேற்படாமல் திருப்பிப் பார்ப்பது வேறு. அரம் பிடிப்பது வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும் என்பதால், இது பட்டறையில் கடைசல் தெரிந்த எவரிடமும் கொடுத்துச் செய்யும் வேலையும் அன்று. நானும் கடைசல் கற்றுக்கொடுத்தவன்தான். கொக்கியில் கை வைத்ததில்லை.

வீட்டில் தோட்டா இல்லாமல் பயிற்சி செய்யலாம் என்ற தங்கள் கட்டுரையின் யோசனை நல்லதே. ஆனால் விளிம்பில் அடிக்கும் இவ்வகைத் துப்பாக்கிகள் பலவற்றில், குழலின் பின்முனையில் தோட்டா இடும் அறை வெறுமையாக இருக்கும்போது சுத்தியை விழவிட்டால் ஊசி நேராக அறையின் ஓரத்தில் மோதிப் பள்ளம் விழச் செய்யும். வெற்றுப் பயிற்சிக்கென்றே தனி ஏற்பாடு உள்ள துப்பாக்கி அல்லாவிட்டால், பிளாஸ்டிக் போலித் தோட்டா ஒன்றை இட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவற்றுள் வேறெதற்கும் இடமில்லாவிட்டாலும், காற்றுக் கைத்துப்பாக்கிக்கு 500 கிராம், 25 மீட்டர் கைத்துப்பாக்கிக்கு 1000 கிராம் என்ற திருத்தத்தை மட்டுமாவது அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.