பிளஸ் ஒன் பெண்ணுக்கு ஒரு நாவல்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். வேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். எங்கள் அலமாரியில் சிறுவர் கதைகள் உண்டு, கனமான நாவல்களும் உண்டு. நடுவில், பதினாறு வயதுக்கு எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை.

போன மாதம் ஒரு மாணவி உயிரியல் புத்தகத்துக்குள் ஒரு காதல் நாவலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அட்டை இல்லை, கடைசிப் பக்கங்களும் கிழிந்திருந்தன. "முடிவு உங்களுக்குத் தெரியுமா மிஸ்?" என்று கேட்டாள். அவளைத் திட்ட மனம் வரவில்லை. அந்த வயதில் காதல் கதை தேடுவது தப்பே இல்லை. அவளுக்கென்று நல்லதாக ஒன்றை நாம் எழுதி வைக்காததுதான் தப்பு.

இந்த மண்ணில் கதைக்கா பஞ்சம்? 1806 ஜூலை 10, வேலூர்ப் புரட்சி என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். அதற்கு முந்தின நாள் கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். 1799இல் அப்பா போரில் இறந்தபின் குடும்பத்தோடு இங்கே காவலில் வைக்கப்பட்டவள். கல்யாணக் கூட்டத்தைச் சாக்காக வைத்துச் சிப்பாய்கள் கூடினார்கள். விடியுமுன் துப்பாக்கி வெடித்தது. மருதாணி காயாத கையோடு அந்த இரவை அவள் எப்படிக் கழித்தாள்? "அவங்க பேரு என்ன மிஸ்?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். என் பாடக்குறிப்பில் பெயர் இல்லை.

பெயர் கிடைத்தவர்களும் உண்டு. ஆற்காட்டுக்குப் பக்கத்தில் விளாப்பாக்கத்தில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று. பட்டினிக் குரத்தியடிகள் என்ற சமணப் பெண் துறவி கிணறு வெட்டிய செய்தி அதில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் கல்லில் நிற்கிற பெயர். வட ஆற்காட்டிலேயே எத்தனை பேருக்கு இது தெரியும்?

அப்புறம், கல்வெட்டு எழுத்தை அப்படியே தாளில் ஒற்றியெடுக்கிற மைப்படி எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி, மேலே மை ஒற்றினால் கறுப்பு நடுவே எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். தாள் காற்றில் எழாமல் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு பேரும் பதினெட்டு வயதுக்காரர்கள் என்று வையுங்கள், காதல் தானாக வந்துவிடும்.

இப்படி எழுதுகிறவர்களைத் தேடுங்கள். காதலை வெட்டாதீர்கள், அறிவுரையைச் சேர்க்காதீர்கள். பெண் பிள்ளைகள் கைக்காசில் வாங்குகிற விலையில் போடுங்கள். அந்த மாணவி இப்போது பிளஸ் ஒன். இன்னும் ஒன்றரை வருஷம்தான் எங்கள் பள்ளியில் இருப்பாள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியை, வேலூர்