செயலாளர் ஆண்டறிக்கை: முகப்பும் பின்கட்டும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய பழைய வீடுகளைப் பார்த்துக் குறிப்பெடுத்ததே இந்த ஆண்டின் முக்கிய வேலை என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த வீடுகளின் முகப்பு வெளியாருக்காகக் கட்டியது. கஜலட்சுமிக்குப் பக்கத்திலேயே சீருடை அணிந்த வெள்ளைக்கார சிப்பாய் சுதைச் சிற்பமாக நிற்பதைப் பல மாடங்களில் காணலாம். வீட்டுக்காரர்களின் வட்டித் தொழில் நடந்தது பர்மா, இலங்கை, மலாயா போன்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில். அந்த ஆட்சியிடம் இருந்த விசுவாசம் முகப்பில் ஏறியதில் வியப்பில்லை. 1929-ல் அண்ணாமலைச் செட்டியாருக்கு பிரிட்டிஷ் அரசின் ராஜா பட்டம் கிடைத்தது. ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. 1927-ல் இங்கு வந்த காந்தி, வீடுகளில் நிரம்பிக் கிடந்த வெளிநாட்டுச் சாமான்களைக் கண்டித்துப் பேசினார். 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது தேவகோட்டையில் நீதிமன்றமே தீக்கிரையானது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் சர் பட்டத்தைத் துறந்தார். சில பட்டாலைகளில், அதாவது கூடங்களில், ஐந்தாம் ஜார்ஜ் படமும் காந்தி படமும் ஒரே சுவரில் தொங்குவதைப் பார்த்தோம். கழற்ற மறந்துவிட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு தலைமுறைகளின் அரசியல் அங்கே சேர்ந்து தொங்குகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே போகப் போக, யார் எதுவரை வரலாம் என்பதைக் கட்டடமே சொல்லிவிடும். திண்ணையில் கணக்கப்பிள்ளையும் வந்துபோவோரும், வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றி மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, இரண்டாங்கட்டில் ஆச்சிமார், கடைசியில் அடுப்படி, கிணறு, அடுத்த தெருவில் திறக்கும் பின்வாசல். அண்ணன் தம்பிக்குள் அறை சமம். வேலைக்கு வந்தவர்களுக்கோ பின்வாசல்தான். பர்மாத் தேக்குத் தூணையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். கொண்டுவிக்கப் போனவர்கள், அதாவது கடல் கடந்து வட்டித் தொழிலுக்குப் போனவர்கள், அங்கே கொடுத்த கடன் 1930-களின் பொருளாதார மந்தகாலத்தில் திரும்பவில்லை. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. அந்த நிலத்தை இழந்த பர்மிய உழவர்களும் இந்த வீடுகளின் கதையில் உண்டு.

இதில் ஒரு கவலை இருக்கிறது. பங்காளிகள் பல ஊர்களில் இருப்பதால் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, இடிபடுகின்றன. தூணும் கதவும் பெல்ஜியம் கண்ணாடியும் பழம்பொருள் கடைக்குப் போய் எப்படியோ பிழைத்துவிடும். அடுப்படியையும் பின்வாசலையும் வாங்க ஆள் கிடையாது. உழைத்தவர்களின் தடம் முதலில் அழிகிறது. நாமும் இதுவரை எடுத்த படங்களில் பெரும்பாலானவை முகப்பும் பட்டாலையும்தான்.

ஆகவே வரும் ஆண்டில் ஒவ்வொரு வீட்டிலும் பின்கட்டிலிருந்து பதிவைத் தொடங்கலாம் என்று முன்மொழிகிறேன். அங்கே வேலை பார்த்த குடும்பங்களின் நினைவுகளையும், அவர்கள் சம்மதித்தால், ஒலிப்பதிவு செய்ய வேண்டும். உங்கள் பங்காளிகள் வீட்டை விற்கப் பேசுகிறார்கள் என்று தெரிந்தால், முன்பணம் கைமாறும் முன்பே தகவல் சொல்லுங்கள்; படமும் அளவும் எடுக்க நாங்கள் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்